எல்லையோர மாணவர்களுக்கு அரசியல் அறிவியல்: களப்பயணம், வெளிநாட்டுப் படிப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாளையார், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்தில் இருந்துகொண்டு பாலக்காட்டிலோ கோவையிலோ அரசியல் அறிவியல் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் இந்தப் பக்கம். சித்தூர் என்று வரும் இடமெல்லாம் பாலக்காட்டுச் சித்தூர்தான், ஆந்திரச் சித்தூர் அல்ல.

எல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறதே, களப்பயணம் எதற்கு?

புத்தகத்தில், ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்த 73ஆவது திருத்தம் ஒன்றுதான். அது ஊருக்கு வந்து சேரும்போது இரண்டு உருவம் எடுக்கிறது. தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தத் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. எல்லை தாண்டினால் வார்டு மெம்பரிலிருந்தே கட்சி அடிப்படையில் போட்டி நடக்கிறது, தலைவரை மெம்பர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். கேரளத்தில் 941 கிராமப் பஞ்சாயத்துகள், தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். ஆகவே ஒரு கேரளப் பஞ்சாயத்தின் அளவும் பணமும் ஆட்களும் வேறு. 1996இல் கேரளம் தொடங்கிய மக்கள் திட்டத்தில், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் போனது.

தலைவர் கட்சிக்காரராக இருந்தால் சாலை சீக்கிரம் வருமா? கட்சி இல்லாத இடத்தில் சாதி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறதா? இதற்கு ஆயத்த விடை எங்கும் இல்லை. ஒரே மொழி, ஒரே பயிர், பல வீடுகளில் ஒரே சொந்தபந்தம், ஆனால் இரண்டு அரசுகள். ஒப்பாய்வுக்கு இப்படி ஒரு வாய்ப்பு சென்னை மாணவருக்கோ திருவனந்தபுரம் மாணவருக்கோ வாசலில் கிடைக்காது.

ஒரே நாளில் போய்வரக்கூடிய நல்ல களம் எது?

தண்ணீர். தமிழ்நாடும் கேரளமும் ஆற்றுநீரைப் பகிர்ந்துகொள்ளும் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29 அன்று கையெழுத்தானது, 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கு. அதன்படி கேரளத்தின் சித்தூர்ப்புழை ஆற்றுக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும். ஒரு டிஎம்சி என்பது சுமார் 2,831 கோடி லிட்டர். அந்த 7.25ஐ அளக்கும் இடம் தமிழ்நாட்டுப் பக்கம் உள்ள மணக்கடவு அணைக்கட்டு. பிரித்து வாய்க்கால்களில் விடும் இடம் கேரளப் பக்கம் உள்ள மூலத்தரை ரெகுலேட்டர்.

காலையில் மணக்கடவு, மதியம் மூலத்தரை, மாலையில் கடைமடை வயல் என்று போங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். தண்ணீர் ஓடும் திசையிலேயே போனால்தான், அளவுகோலில் இருக்கும் எண் கடைமடையில் எப்படிப் புகாராக மாறுகிறது என்பது புரியும். மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்ச் சண்டையைப் பற்றி அரசியலமைப்பின் 262ஆவது பிரிவு பேசுகிறது. ஆனால் இங்கே அன்றாட வேலையைத் தாங்குவது நடுவர் மன்றம் இல்லை, இரு மாநிலப் பொறியாளர்கள் உட்காரும் கூட்டு நீர் ஒழுங்குமுறை வாரியம். வழக்கு மன்றம் வரை போன முல்லைப் பெரியாறையும், பேச்சில் ஓடிக்கொண்டிருக்கும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே ஒரு முழு செமஸ்டருக்கான ஆய்வுக் கட்டுரை.

அங்கே வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று: தமிழ்நாட்டு விவசாயியிடம் மட்டும் அல்லது கேரள விவசாயியிடம் மட்டும் பேசிவிட்டு வருவது. இரு பக்கமும் பேசாமல் எழுதினால் அது ஆய்வு இல்லை, ஒரு தரப்பின் மனு.

கிராம சபையில் வெளியூர் மாணவர்கள் உட்காரலாமா?

பார்வையாளராக உட்காரலாம். பேசவும் கை தூக்கவும் அந்த வாக்காளர்களுக்குத்தான் உரிமை. முன்கூட்டியே தலைவரிடமோ செயலரிடமோ கல்லூரிக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் தேதி தெரிந்ததுதான்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கேரளத்தில் சபை வார்டு வாரியாகக் கூடும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும், தேதி வார்டுக்கு வார்டு மாறும். கூட்டுபவர் வார்டு மெம்பர் என்பதால் அவரிடமே கேளுங்கள். அங்கே கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தபட்ச வருகை, வாக்காளர்களில் 10 சதவீதம். தமிழ்நாட்டில் மக்கள்தொகையை வைத்து 50, 100, 200, 300 பேர் என்று படிநிலை உண்டு. வருகைப் பதிவேட்டில் எத்தனை கையெழுத்து, தீர்மானம் வாசிக்கும் நேரத்தில் எத்தனை தலை என்று இரண்டையும் எண்ணுங்கள். அந்த இடைவெளி உங்கள் கட்டுரையின் முதல் அட்டவணை.

கோவை உட்பட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். நீங்கள் போகும் நாளில் அந்த ஊரில் யார் பொறுப்பு என்பதைப் போன் செய்து கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். தலைவரைப் பார்க்கப் போய், தலைவரே இல்லாத அலுவலகத்தில் நிற்க வேண்டாம்.

பிளாச்சிமடையில் இப்போது பார்க்க என்ன இருக்கிறது?

நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று ஊரார் எதிர்த்துப் போராடிய கோகோ கோலா ஆலை 2004 மார்ச்சில் நின்றுவிட்டது. ஆனால் அரசியல் அறிவியல் மாணவர் தேடிப் போவது ஆலையை அல்ல, அதிகாரத்தை. பிளாச்சிமடை அடங்கிய பெருமாட்டிப் பஞ்சாயத்து 2003இல் ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் கேரள உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்ற அடிப்படையில் தீர்ப்பளித்தார். 2005இல் அதே நீதிமன்றத்தின் அமர்வு, ஆலை நீர் எடுக்கலாம் என்று வேறு மாதிரிச் சொன்னது. 2011இல் கேரளச் சட்டமன்றம் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கான மசோதாவை நிறைவேற்றியது, அது குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறவில்லை. பஞ்சாயத்து, நீதிமன்றம், சட்டமன்றம், ஒன்றிய அரசு என நான்கு படிகளும் ஒரே ஊரின் குடத்துத் தண்ணீரில் வந்து முட்டுகின்றன.

போராட்டத்தின் முகமாக இருந்த மயிலம்மா 2007இல் காலமானார். அங்குள்ள பழங்குடிக் குடும்பங்களிடம் எத்தனையோ பேர் மைக்குடன் வந்து போய்விட்டார்கள். பழைய கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். தீர்ப்புகளைப் படித்துவிட்டுப் போங்கள், இன்றைக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

பரம்பிக்குளம், அட்டப்பாடிக்குப் போக அனுமதி வேண்டுமா?

வேண்டும். பரம்பிக்குளம் புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. அது கேரள மண்தான், முதலமடைப் பஞ்சாயத்துதான். ஆனாலும் சாலை வழியாகப் போக பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். அங்குள்ள அணைகளை இயக்குவதும் தமிழ்நாடு. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் மதகு ஒன்று உடைந்து தண்ணீர் வெளியேறியபோது, நிலம் ஒருவருடையது, பூட்டு இன்னொருவருடையது என்பதன் பொருள் எல்லோருக்கும் புரிந்தது.

பாலக்காட்டின் பழங்குடிப் பகுதியான அட்டப்பாடியின் ஊர்களுக்குள் போக பழங்குடியினர் மேம்பாட்டுத் துறையிடம் எழுத்து அனுமதி வாங்குங்கள், ஊர்த் தலைவரான ஊர்மூப்பனிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். அறிக்கைகளில் தவறாமல் வரும் பிழை ஒன்று உண்டு: அட்டப்பாடியை, அரசியலமைப்பு பழங்குடியினருக்குத் தனி நிர்வாகப் பாதுகாப்பு தரும் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று எழுதுவது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை, ஆகவே அப்பகுதிகளின் பஞ்சாயத்துகளுக்கான பெசா சட்டமும் பொருந்தாது. ஆந்திரத்தில் அப்படிப்பட்ட பகுதிகள் உண்டு. வடக்கே திருத்தணிப் பக்கத்து மாணவர்களுக்கு இது நல்ல ஒப்பீடு.

எத்தனை பேர் போகலாம்? அன்றைக்கு என்ன செய்ய வேண்டும்?

12 பேர், மிஞ்சினால் 15. மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள்: ஒருவர் கேட்க, ஒருவர் எழுத, ஒருவர் சுற்றிலும் கவனிக்க. 50 பேரைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனால் அதிகாரி மைக்கைப் பிடித்து அரை மணி நேரம் திட்டங்களைப் பட்டியலிடுவார், பொன்னாடை போர்த்துவீர்கள், குரூப் போட்டோ எடுப்பீர்கள், திரும்பி வருவீர்கள். அந்தப் பட்டியல் இணையதளத்திலேயே இருக்கிறது.

கிளம்புவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியை எழுதி வையுங்கள். “கேரளப் பஞ்சாயத்து நிர்வாகம்” என்பது கேள்வி அல்ல, தலைப்பு. “ஒரே கால்வாயில் இருக்கும் இரண்டு வார்டுகளில் ஒன்றின் தூர்வாரும் கோரிக்கை மட்டும் ஏன் திட்டத்தில் ஏறியது?” என்பது கேள்வி.

மக்களிடம் “பஞ்சாயத்து நன்றாக வேலை செய்கிறதா?” என்று கேட்டால் “ஆமாங்க” என்று சொல்லிவிடுவார்கள். வந்திருப்பது யார், எதற்கு என்று தெரியாத நிலையில் அதுதான் பாதுகாப்பான பதில். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: “கடைசியாகப் பஞ்சாயத்து ஆபீசுக்கு எதற்குப் போனீர்கள்? எத்தனை தடவை நடந்தீர்கள்? யாரைப் பிடித்தீர்கள்?” இந்த மூன்றில் அரசு மக்களுக்கு எப்படித் தெரிகிறது என்பது வந்துவிடும். ஆண்கள் டீக்கடையில் கிடைப்பார்கள். பெண்களைச் சந்திக்க, கேரளப் பெண்களின் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீயின் கூட்டமோ வேலையுறுதித் திட்டத்தின் ஓய்வு நேரமோ வேண்டும். இதை யோசிக்காமல் போனால் உங்கள் குறிப்பேட்டில் ஆண்கள் மட்டுமே இருப்பார்கள்.

நோட்டில் வலப்பக்கம் அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள், இடப்பக்கம் உங்கள் எண்ணத்தை. இரண்டும் கலந்தால் பிறகு பிரிக்கவே முடியாது. அன்று இரவே விரித்து எழுதிவிடுங்கள், மறுநாள் பாதி மறந்திருக்கும். ஒலிப்பதிவுக்குச் சம்மதம் கேட்க வேண்டும். சம்மதித்தாலும் அறிக்கையில் பெயரைப் போடாதீர்கள், சின்ன ஊரில் ஒரு வரியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மலையாளம் பேச வரும், படிக்க வராது. பரவாயில்லையா?

பேச்சுக்குப் பரவாயில்லை. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரைப்பதிப் பக்கம் தமிழிலேயே பேசலாம். ஆனால் தீர்மானப் புத்தகம் மலையாளத்தில் இருக்கும். தினமும் அரை மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு மாதத்தில் எழுத்தைக் கூட்டிப் படித்துவிடலாம். தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழிலேயே அரசுக்கு எழுத 1969இன் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. அந்த உரிமையை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதே நல்ல ஆய்வுப் பொருள்.

ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போடலாமா?

களத்துக்குப் போவதற்கு 45 நாட்கள் முன்பே போடுங்கள். பதிலுக்கு 30 நாள், தபாலுக்குக் கொஞ்சம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். “ஏன்” என்று கேட்டால் பதில் வராது. இருக்கும் ஆவணத்தின் நகலைத்தான் தருவார்கள். “இன்ன ஆண்டு, இன்ன வார்டின் கிராம சபைத் தீர்மான நகல்” என்று ஆவணத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

வெளிநாட்டில் படிப்பது நம்முடைய கேள்விகளுக்கு என்ன கொடுக்கும்?

நம் ஊரில் இயல்பானது என்று நினைத்திருப்பது அங்கே போனதும் விசித்திரமாகத் தெரியும், அதுவே பெரிய லாபம். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் வந்தன. கன்னியாகுமரிப் பக்கத்து நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. ஆந்திர எல்லையில் மத்தியஸ்தர் படாஸ்கரின் ஏற்பாட்டின்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. கோடு போட்டபின் கோட்டுக்கு அப்பால் மாட்டிக்கொண்ட மொழியினருக்கு என்ன ஏற்பாடு? நம்மிடம் 350ஏ பிரிவு உண்டு, தொடக்கப் பள்ளியில் தாய்மொழிக் கல்வி பற்றியது.

இதே கேள்விக்கு பெல்ஜியம் வேறு விடை தேடியது. 1960களின் தொடக்கத்தில் மொழி எல்லையைச் சட்டத்தால் நிலைநிறுத்தி, எல்லையோர நகராட்சிகள் சிலவற்றில் மறுமொழியினர் அரசு அலுவலகத்தில் தங்கள் மொழியைப் பயன்படுத்தச் சலுகை கொடுத்தது. கிழக்கே ஜெர்மன் பேசும் சுமார் 80,000 பேருக்கும் குறைவானவர்களுக்குத் தனி நாடாளுமன்றமே ஓய்ப்பன் நகரில் இருக்கிறது. அங்கே 2019இல் குலுக்கல் முறையில் தேர்ந்த 24 குடிமக்கள் கொண்ட நிரந்தர மன்றமும் வந்தது. இத்தாலியின் தென் டிரோலில் அரசுப் பணிகளே மொழி விகிதத்தில் பிரிக்கப்படுகின்றன. தண்ணீர் உங்கள் கேள்வி என்றால் ரைன் நதியில் கப்பல் போக்குவரத்தைக் கவனிக்கும் ரைன் ஆணையம் இருக்கிறது, 1815 வியன்னா மாநாட்டில் முளைத்து இன்று ஸ்ட்ராஸ்பூர்கில் இயங்குவது. ஐரோப்பிய நாடாளுமன்றமும் அதே ஊரில்தான். மூலத்தரையைப் பார்த்துவிட்டு அங்கே போகிறவருக்குக் கேட்க ஆயிரம் கேள்வி இருக்கும்.

அவ்வளவு பணம் இல்லை. குறைந்த செலவில் வெளிநாட்டுக் களம் உண்டா?

நேபாளம். இந்தியர்களுக்கு விசா வேண்டாம். தரைவழியாகப் போனால் வாக்காளர் அட்டையே போதும். பாலக்காடு வழியாகப் போகும் ராப்திசாகர் எக்ஸ்பிரஸில் கோரக்பூர், அங்கிருந்து பஸ்ஸில் சுனௌலி எல்லை. 2015 அரசியலமைப்பு ஒற்றையாட்சி நாட்டை 7 மாகாணங்களும் 753 உள்ளாட்சிகளும் கொண்ட கூட்டாட்சியாக்கியது. ஐந்து பேர் கொண்ட ஒவ்வொரு வார்டுக் குழுவிலும் இரண்டு பெண்கள் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் தலித் பெண். நம் 50 சதவீத ஒதுக்கீட்டுடன் ஒப்பிட இதைவிடப் பொருத்தமான களம் பக்கத்தில் இல்லை.

மூன்று வருட டிகிரி போதுமா?

பிரிட்டனுக்குப் போதும். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் நான்கு வருடம் கேட்கும். கேரளத்தில் 2024இல் தொடங்கிய நான்கு வருடப் படிப்பில் மூன்றாம் ஆண்டோடு வெளியேறலாமா என்று யோசிப்பவர்கள் இதைக் கணக்கில் எடுங்கள். ஜெர்மனியில் துறைக்குத் துறை மாறும். உங்கள் டிகிரியில் அரசியல் அறிவியல் கிரெடிட் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பார்கள், ஆகவே பாடத்திட்ட நகலைக் கல்லூரி முத்திரையுடன் வாங்கி வையுங்கள்.

எந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுகலைக்கு மாதம் 1,400 யூரோ, இரண்டு மூன்று நாடுகளில் படிக்கலாம், வேலை அனுபவம் கட்டாயமில்லை. டிகிரி முடிக்கும் ஆண்டிலேயே போட ஏற்றது இதுதான் என்பது எங்கள் கருத்து. பிரிட்டன் அரசின் செவனிங்குக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். அமெரிக்காவுக்கான ஃபுல்பிரைட்–நேரு முதுகலைக்கு மூன்று ஆண்டு.

பட்டியல் சாதி மாணவர்களுக்கு ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள், மதிப்பெண் 60 சதவீதம். அரசியல் அறிவியல் மாணவர்கள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள்: 2022 முதல் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வுத் தலைப்புகளுக்கு இந்த உதவி கிடையாது. கேரளத் தமிழர் பற்றி ஆய்வு என்று எழுதினால் நிராகரிக்கப்படும். இது வருந்தத்தக்க விதி, எல்லையோரத்து ஏழை மாணவரை அவருடைய சொந்தக் கேள்வியிலிருந்தே பிரிக்கிறது. இப்போதைக்கு இந்த உதவியை நம்பிப் போகிறவர் கூட்டாட்சிக் கோட்பாடு, நதிநீர் நிறுவனங்கள் போன்ற வேறு களத்தில் தலைப்பை அமைக்க வேண்டியிருக்கிறது.

அப்பா கேரளம், அம்மா தமிழ்நாடு. சாதிச் சான்று எங்கே வாங்குவது?

பட்டியல் சாதி, பழங்குடி நிலை மாநிலத்துக்கு உரியது. குடிபெயர்ந்த மாநிலத்தில் அதே சலுகை கிடைக்காது என்று 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. குடும்பத்தின் நிரந்தர ஊர் எதுவோ அங்கே வாங்குங்கள். மாநில அரசு உதவித்தொகைக்கு அந்த மாநிலச் சான்று, ஒன்றிய உதவித்தொகைக்கு ஒன்றியப் படிவத்தில் உள்ள சான்று. கேரளத்தில் முதலில் வில்லேஜ் ஆபீஸ், தமிழ்நாட்டில் விஏஓ. இரண்டு மாநிலத்திலும் சான்று வாங்கி வைத்தால் பிற்பாடு பெரிய சிக்கல்.

பெயரில் இனிஷியல் இருந்தால் பிரச்சினை வருமா?

நிச்சயம் வரும், அதுவும் இங்கே இரட்டிப்பாக. தமிழ்நாட்டுப் பள்ளியில் “ம. கவிதா”, கேரளப் பள்ளியில் “கவிதா எம்.”, பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து “கவிதா மணி”. ஒரே ஆள் மூன்று ஆளாகத் தெரிவார். முதலில் பாஸ்போர்ட் எடுங்கள் (36 பக்கம், சாதாரண முறைக்கு 1,500 ரூபாய்), அதில் உள்ளபடியே ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு, விண்ணப்பம், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் பதியுங்கள். பழைய சான்றிதழ்களுக்கு மூவரும் ஒருவரே என்று நோட்டரி பிரமாணப் பத்திரம். பெயரின் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் FNU என்ற மூன்றெழுத்து ஏறிவிடும்.

விசாவுக்கு எவ்வளவு பணம் காட்ட வேண்டும்? கடன் கிடைக்குமா?

ஜெர்மனியில் பெரும்பாலான மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் செமஸ்டருக்கு 1,500 யூரோ. ஆனால் முடக்கக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ போட வேண்டும், மாதம் 992 ஆகத் திரும்பக் கிடைக்கும். இந்தியர்களுக்கு, கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றும் கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். அது வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால் கடைசி செமஸ்டருக்கு முன்பே தொடங்குங்கள்.

பிரிட்டனுக்குக் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் தேவையான தொகைக்குக் கீழே இறங்கினாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. மாமாவிடம் கைமாற்று வாங்கிப் போட்டுவிட்டு பத்து நாளில் விண்ணப்பிப்பது நிராகரிப்புக்கு வழி.

கல்விக் கடன் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாக வங்கிகள் சொத்து கேட்கும். நிலம் ஒரு மாநிலத்திலும் வங்கிக் கிளை இன்னொன்றிலும் இருந்தால் வழக்கறிஞர் கருத்து வாங்கவே நாள் ஓடும். கேரள நிலத்துக்கு ஆதாரம் (பத்திரம்), கரம் ரசீது (நில வரி ரசீது), கைவசச் சான்று (அனுபோகச் சான்று), குடிக்கடச் சான்று (வில்லங்கச் சான்று) வேண்டும். தமிழ்நாட்டு நிலத்துக்குப் பத்திரம், பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று. நிலம் இருக்கும் பக்கத்துக் கிளையிலேயே விண்ணப்பிப்பது சுலபம்.

விண்ணப்பக் கட்டுரையில் களப்பயணத்தை எப்படி எழுதுவது?

“சிறுவயது முதலே அரசியலில் ஆர்வம்” என்ற வரியை எடுத்துவிடுங்கள். முதல் பத்தியிலேயே களத்தை வையுங்கள்: எந்த ஊர், எத்தனை நாள், என்ன கேள்வி, எதை எதிர்பார்த்தீர்கள், எது பொய்த்தது. மணக்கடவில் அளந்த தண்ணீரும் கடைமடைக்கு வந்த தண்ணீரும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று எழுதினால், அந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பேராசிரியரின் எந்தப் பாடம் உங்களுக்கு வேண்டும் என்பது தானாகவே இரண்டாம் பத்தியாக வரும். டிஎம்சி, கிராம சபை, வார்டு மெம்பர் ஆகியவற்றை ஒவ்வொரு வரியில் விளக்குங்கள், படிப்பவருக்குப் பாலக்காடு எங்கே என்று தெரியாது. பரிந்துரைக் கடிதம் தரும் ஆசிரியரிடம் உங்கள் கள நோட்டின் நகலைக் கொடுங்கள். “நல்ல மாணவி, ஒழுக்கமானவர்” என்பதோடு நிற்காமல் அவர் எழுத அதில்தான் விஷயம் இருக்கிறது. கடிதத்தைக் கடைசி நாளுக்கு ஆறு வாரம் முன்பே கேட்டுவிடுங்கள்.